ராஜபாய் அக்கா திரும்ப வாங்கிய ஜெபம்

புதுக்கடையில் ராஜபாய் அக்காவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய ஜெபத்தைக் கேட்காதவர்கள் எங்கள் சபையில் கிடையாது. "ஜெபிப்போம்" என்று போதகர் சொல்லி வாயை மூடுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிடுவார். ஆரம்பித்தால் லேசில் நிறுத்தவும் மாட்டார். நோயாளிகள், விதவைகள், துபாயில் வேலை தேடுகிறவன், பரீட்சை எழுதப்போகிற பிள்ளை, ரப்பர் விலை, மழை என்று ஒன்றையும் விடாமல் வரிசையாக வரும். ஆண்டவருக்கு ஞாபகமறதி என்று அக்கா நினைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. ஆனால் கேட்கிறவர்கள் கண் கலங்கிப்போவார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் "ராஜபாயை ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுங்க" என்பார்கள்.

அக்காவின் அப்பா உபதேசியார். சைக்கிளை மிதித்து ஊர் ஊராக ஜெபக்கூட்டம் நடத்தியவர். குரல் அங்கிருந்து வந்தது. அக்கா மின்வாரிய ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர்டு ஆனார். மகன் பஹ்ரைனில், மகள் பெங்களூரில். வீட்டுக்காரர் செல்வதாஸ் அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேச இடம் கிடைத்தால்தானே. கையும் காலும் சுகமாக இருக்கும்போது ஊழியம் செய்யாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தால் மேலே போய் என்ன பதில் சொல்வது என்று அக்காவுக்கு ஒரு பயம். அப்படித்தான் பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிற தோட்டத்துக்குச் சனிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தார்.

தோட்டம் என்பது எங்கள் சபைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற இடம். மூளை வளர்ச்சி குறைந்தவர்கள், கைகால் சரியாக வராதவர்கள், பேச்சு வராதவர்கள் அங்கேயே தங்கி விவசாயம் செய்கிறார்கள். மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளி, ஏத்தன் வாழை, நல்லமிளகு, நாலைந்து பசு. சனிக்கிழமை மாதர் சங்கத்துப் பெண்கள் ஒரு வேன் நிறையப் போய் அவர்களோடு சேர்ந்து வேலை செய்வார்கள். புதிதாக வருகிறவர்களிடம் பொறுப்பாளன் ஜெஸ்பின் முதல் நாளே ஒன்று சொல்வான். அக்காவிடமும் சொன்னான்.

"அவிய கையில இருக்க வேலைய மட்டும் வாங்காதீங்க. பைய செய்தாலும் அவியளே செய்யட்டு. நீங்க பக்கத்துல நின்னு உங்க வேலைய செய்யுங்க, போரும்."

அக்கா நன்றாகத் தலையாட்டினார். அன்றைக்கு மத்தியானத்துக்குள்ளேயே வாங்கினார்.

வேன் என்னுடையது. தேவகுமார் என்று பேர். மண்வெட்டியைப் பார்த்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிற ஆள் நான். அதனால் என் ஊழியம் ஸ்டீயரிங்கோடு சரி. கொண்டுபோய் இறக்கிவிட்டு, பலாமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தான் எல்லாம் கண்ணில் படும்.

அக்காவுக்கு ஒரு வார்த்தை இருந்தது. பாவம். மனசு இளகிய மனுஷி, எதைப் பார்த்தாலும் அது வாயில் வந்துவிடும். நொண்டுகிற நாயைப் பார்த்தால் பாவம். காற்றில் சாய்ந்த வாழையைப் பார்த்தால் பாவம். பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பார்த்தால் பாவம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். "பாவங்க. என்னெல்லாம் கஷ்டப்படுது பாரு தேவா" என்பார். அவர்களில் பாதிப் பேர் என்னைவிட வேலை செய்கிறவர்கள். கஷ்டப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அக்காவிடம் எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லை.

அப்படித்தான் பெபிஷாவிடமும். கடியப்பட்டணத்துப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். இடது கால் இழுக்கும், இடது கை விரல்கள் மடங்கியே இருக்கும். வார்த்தைகள் கொஞ்சம்தான், அதுவும் நிறுத்தி நிறுத்தி வரும். அம்மா இறந்த பிறகு அண்ணன் ததேயுஸ் கொண்டுவந்து சேர்த்திருந்தான். பிடுங்கிப்போட்ட மரச்சீனிச் செடியின் அடிமூட்டிலிருந்து கிழங்கை ஒடித்து, மண்ணைத் துடைத்து, கூடையில் போடுவது அவள் வேலை. ஒரு கிழங்கை மடியில் வைத்து வலது கையால் துடைத்து, திருப்பித் துடைத்து, பார்த்து, அப்புறம்தான் கூடைக்குப் போகும்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பாவம். அந்தக் கைய வச்சிட்டு என்ன செய்யும் இது. இங்க தா மக்கா, நீ இரி" என்று கிழங்கை வாங்கிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் பெபிஷா விட்டிருக்கமாட்டாள். போன மாதம் இன்னொரு அம்மா கூடையைத் தொட்டதற்கு மண்ணை வாரி எறிந்தவள். அன்றைக்கு அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து அக்கா எங்கே போனாலும் பின்னால் பெபிஷா. வேன் வாசலில் வந்து நிற்பாள். கஞ்சி குடிக்கும்போது பக்கத்தில் இருப்பாள். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் தலைப்பு அவள் கையில் இருக்கும்.

ஒருநாள் தொழுவத்தில் கன்றுக்குட்டி காலில் முள் குத்தி நொண்டியது. "பாவம்" என்றார் அக்கா. அந்தக் கோடியில் கிழங்கு துடைத்துக்கொண்டிருந்த பெபிஷா கூடையை அப்படியே போட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வயல் நீளம் நடந்து வந்து அக்கா முன்னால் நின்றாள். எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

"உன்னைச் சொல்லல்ல மக்கா. கன்னுக்குட்டியைச் சொன்னேன்."

பெபிஷா கன்றுக்குட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெஸ்பின் மெதுவாகச் சொல்லிப்பார்த்தான். "அக்கா, அவளுக்குப் பேரு பெபிஷா. பேரைச் சொல்லி விளிச்சா நல்லாருக்கும்."

"வாயில நிக்க மாட்டேங்குடே. இப்பத்தப் பேரு ஒக்க ஒருமாதிரி" என்று அக்கா தட்டிக்கழித்தார். பெனிஷா என்பார், பெபினா என்பார், கடைசியில் "அந்தப் பாவம் எங்க?" என்பதில் வந்து நிற்பார்.

எல்லாருக்கும் இரக்கப்படுகிறவர்களுக்கும் ஒரு அளவு இருக்கும்போல. நாளாக நாளாக அக்காவுக்கு அந்த ஒட்டுதல் சலித்தது. திரும்பும்போது வேனில் என்னிடம் சொன்னார். "ஒட்டிக்கிட்டே நடக்கு தேவா. மூச்சு முட்டுது. வேற பிள்ளைகளையும் பாக்கணும்லா." வேறு பிள்ளைகளைப் பார்ப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது.

லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள், வந்தன. அந்தச் சனிக்கிழமை வேலை பாதி நாள்தான். கஞ்சிக்கு முன்னால் பலாமரத்தடியில் பாவ அறிக்கை ஜெபம் வைப்பதாக மாதர் சங்கம் முடிவு செய்திருந்தது. அக்கா நல்ல வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். இறங்கின உடனே பெபிஷா மண் கையோடு வந்து தலைப்பைப் பிடித்தாள். ஐந்து விரலும் பதிந்துவிட்டன. "ஒண்ணு விடு மக்கா" என்று அக்கா தலைப்பை உதறினார். பெபிஷா விளையாட்டு என்று நினைத்து மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். தோட்டத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அக்கா கண்ணை மூடினார். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவர் ஜெபித்ததுபோல அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"ஆண்டவரே, இந்தப் பாவத்தை நாங்க எத்தனை நாள் சுமக்க? சுமந்து சுமந்து களைச்சுப்போனோம் தகப்பனே. விட்டு விலகினாலும் பின்னாலேயே வருது. இந்தப் பாவம் எங்க கூட இருக்க வேண்டாம் ஆண்டவரே. கண்ணுக்கு எட்டாத தூரத்துல கொண்டு போட்டிரும். இனி ஒருநாளும் திரும்பி வரக்கூடாது. இதுக்க முகத்தைக்கூட நாங்க பாக்கக்கூடாது தகப்பனே."

பெண்கள் அழுதார்கள். அக்காவுக்கும் கண்ணீர் ஓடியது. எல்லாரும் சத்தமாக ஆமென் சொன்னோம். நானும்தான். கண்ணைத் திறந்தபோது அக்காவின் தலைப்பு பாயில் கிடந்தது. பெபிஷாவைக் காணவில்லை. கைகழுவப் போயிருப்பாள் என்று நினைத்தோம்.

கஞ்சிக்கும் வரவில்லை. ஜெஸ்பின் அவள் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தான். அவளுடைய துணிப்பை இல்லை. தட்டு இல்லை. சீப்பு இல்லை. தோட்டத்தின் கீழ்ப்பக்கம் சானல், பாசனக் கால்வாய், ஓடுகிறது. அணை திறந்திருந்த நேரம், தண்ணீர் முட்ட முட்டப் போய்க்கொண்டிருந்தது. கால் இழுக்கிற பெண்ணுக்குக் கரையில் நடப்பதே ஆபத்து. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

அக்காவும் என்னோடு ரப்பர் தோட்டப் பக்கம் வந்தார். நான் முன்னால் புதர்களை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தேவா. அந்தப் பிள்ளைக்க பேரு என்னதுடே?"

இத்தனை சனிக்கிழமை தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த பெண். சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பேரைக் கூப்பிட்டார். ஊரெல்லாம் கேட்கிற குரல் அது, அன்றைக்கு ரெண்டு மரத்துக்கு அப்பால் போகவில்லை.

ஜெஸ்பின்தான் கண்டுபிடித்தான். சானல் பாலத்தைத் தாண்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாளாம். கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வரமாட்டேன் என்று தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போற?" என்று கேட்டான்.

"தூரம்."

"யாரு போவச் சொன்னா?"

மடங்கின கையை நீட்டி ராஜபாய் அக்காவைக் காட்டினாள். "அம்ம. சாமிட்ட சொல்லிச்சு."

அக்கா பதறிப்போனார். "நான் அப்பிடிச் சொல்லுவனா? நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்று எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜெஸ்பின் கடியப்பட்டணத்துக்கு, அவள் அண்ணனுக்குப் போன் போட்டான். வேனை எடுக்கலாமா என்று கேட்டேன். அக்கா வரமாட்டேன் என்றார். மற்றவர்களும் இருந்தார்கள்.

ததேயுஸ் பைக்கில் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடலுக்குப் போய்வந்த உடம்பு, கண் தூக்கத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தது. தங்கையின் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டான். எழுந்து எங்களிடம் வந்து, ஜெபத்தில் என்ன சொன்னீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். அக்கா சொன்னார். சொல்லச்சொல்ல அவன் தலை குனிந்தது.

"எங்க பூசையில நெஞ்சில தட்டி 'என் பாவமே'ன்னு சொல்லுவோம் அக்கா. மூணு தடவ. எக்க அம்மை இவள மடியில வச்சிட்டுதான் இருக்கும். நெஞ்சில தட்டணும்னா இவ முதுகுலதான் கை படும். கொச்சிலயே, விவரம் தெரியாத வயசுல, தன்னைத்தான் சொல்லுதுன்னு இவ நினைச்சிட்டா. தட்டும்போ ஒக்க சிரிப்பா. அம்மையும் பெறவு அதை மாத்தல்ல. வீட்டுல அப்பிடியே விளிச்சது. என் பாவமே, சோறு தின்ன வா. என் பாவமே, வந்து படு." தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "அம்மை போனதுக்குப் பெறவு நாங்க யாரும் அப்பிடி விளிக்கல்ல. எங்களுக்கு முடியல்ல. இஞ்ச ஒரு அம்ம என்னைப் பாவம்னு விளிக்குதுன்னு போன்ல சொன்னா. சந்தோசமா சொன்னா."

அவர்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் ஆராதனையில் நெஞ்சில் தட்டுகிற வழக்கம் இல்லை. எங்களில் யாருக்கு இது தோன்றியிருக்கும்? ஆனால் அந்தச் சமாதானம் அப்போது யாருக்கும் உதவவில்லை. நாயைப் பார்த்தும் வாழையைப் பார்த்தும் அக்கா சிந்திக்கொண்டே நடந்த வார்த்தையை ஒருத்தி தன் அம்மாவின் குரலாகப் பொறுக்கி வைத்திருந்திருக்கிறாள். அதே வார்த்தையைச் சொல்லி, இது எங்களுக்கு வேண்டாம் என்று அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாங்கள் கடவுளிடம் கேட்டிருக்கிறோம்.

"பிடிக்கலேன்னா நான் கொண்டு போறேன்" என்றான் ததேயுஸ். "நான் கடலுக்குப் போனா வீட்டைப் பூட்டிட்டுதான் போணும். ஜன்னல் உண்டு. பக்கத்து வீட்டுல சோறு குடுக்கச் சொல்லலாம்." கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா கேட்டுக்கு வெளியே போய் பெபிஷாவின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். வெள்ளைச் சேலையைப் பற்றிய நினைப்பே இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல விளக்கிப் பார்த்தார்.

"மக்கா, அந்தப் பாவம் வேற. அது நாங்க செய்யக்கூடிய தப்பு. பொய், பொறாமை, அதுமாதிரி. நீ வேற பாவம்."

பெபிஷா அவரையே பார்த்தாள். "ரெண்டு பாவமா?"

"ஆமா மக்கா."

"அம்ம எந்தப் பாவத்தைச் சொன்னா?"

கேட்டது எந்த அம்மாவை என்று தெரியவில்லை. முப்பது பேர் இருக்கிற கூட்டத்தில் எழுந்து நின்று வேத விளக்கம் கொடுக்கிறவர், ஒரு பெண்ணின் மடங்கின விரல்களிலிருந்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெபிஷாவே ஒரு வழி சொன்னாள். "சாமிட்ட சொல்லு. வேண்டாம்னு சொல்லு."

எங்களுக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. சாமியிடம் சொன்னதைச் சாமியிடம்தான் திரும்ப வாங்க வேண்டும். வேறு யாரிடம் சொல்லி என்ன? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லெந்து காலத்தில், உபதேசியார் மகள், மாதர் சங்கச் செயலாளர், என்ன ஜெபத்தைப் பண்ணச் சொல்கிறாள் இந்தப் பெண்? ஒரு அம்மா "வேற வார்த்தை போட்டுச் சொல்லிரலாம் ராஜபாய்" என்று காதோரமாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். வேறு வார்த்தை பெபிஷாவுக்குப் புரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்ணை மூடவில்லை. பெபிஷாவைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சின்ன ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஆண்டவரே, காலையில நான் கேட்டதைத் தரவேண்டாம். பாவத்தை எங்கயும் கொண்டு போவாண்டாம். பாவம் எங்க கூடவே இருக்கட்டும். எங்களுக்கு வேணும்."

ஆமென் சொல்ல வேண்டிய இடம். ஒருவர் வாயும் திறக்கவில்லை. பெபிஷா எங்களைச் சுற்றிப் பார்த்தாள். காலையில் அத்தனை சத்தமாகச் சொன்னவர்கள். ஜெஸ்பின் முதலில் சொன்னான். ததேயுஸ் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னான். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னோம். தலையைத் தூக்கிச் சொன்னவர் யாருமில்லை.

பெபிஷா பையைக் கீழே வைத்தாள். ஒரு கையை ஊன்றி எழுந்து, உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கத்தில் வந்தாள். நல்ல கையை அக்காவின் நெஞ்சில் வைத்து மெதுவாக மூன்று தட்டு தட்டினாள்.

"என் பாவமே" என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலையில் பாதியில் விட்ட கூடை அங்கே இருந்தது. உட்கார்ந்து ஒரு கிழங்கை மடியில் எடுத்து வைத்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார், கையை நீட்டவில்லை.

திரும்பும்போது வேனில் அக்கா எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தார். குலசேகரம் தாண்டின பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவளை நினைச்சு நான் ஜெபிக்கல்ல தேவா, அது சத்தியம். ஆனா அவளைக் காணல்லேன்னு நீங்க சொன்னப்போ, முதல்ல எனக்கு ஆசுவாசமாத்தான் இருந்துது. பேடி, பயமெல்லாம் பெறவுதான் வந்துது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்."

நான் கியரை மாற்றினேன். வேறு என்ன செய்ய.

கொஞ்சதூரம் போனதும் கேட்டார். "அவ என்னைச் சொன்னது எந்தப் பாவம்டே?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தலைப்பில் பதிந்திருந்த மண் விரல்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பெபிஷா, பெபிஷா என்று முணுமுணுத்துக்கொண்டே புதுக்கடை வரைக்கும் வந்தார்.